புரை திரும்ப வருமா?

(இறுதியாண்டு இயந்திரவியல் மாணவன்)



சேரன்மகாதேவியில் இருக்கும் எங்க ஆச்சிக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்து இரண்டு வருஷம் ஆச்சு. அரிசியில் கல் பொறுக்கும் அளவுக்குப் பார்வை தெளிந்திருந்த ஆச்சி, போன தை மாசம் தாமிரபரணிப் படித்துறையில் படி தெரியாமல் விழுந்துவிட்டாள். "ஏல, பொரை திரும்ப வந்துட்டு. இன்னொருக்கா கத்தி வைக்க நான் வரமாட்டேன்" என்று ஒரே பிடிவாதம். அதற்காக விசாரித்துப் படித்ததைத்தான் எழுதுகிறேன்.

மங்குவது எது?

கண்ணின் லென்ஸ் ஒரு மெல்லிய பைக்குள் இருக்கிறது. முன்பெல்லாம் பையோடு சேர்த்து எடுத்துவிட்டு, தடித்த கண்ணாடி கொடுப்பார்கள். இப்போது பையை விட்டுவைத்து, அதற்குள் செயற்கை லென்ஸைப் பொருத்துகிறார்கள். பழைய நெல்லை மாவட்டத்தில் 1918-ல் பிறந்த டாக்டர் ஜி. வெங்கடசாமி, 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1988-ல் அது நெல்லைக்கும் வந்தது. 1992-ல் தொடங்கிய அவர்களின் ஆரோலேப் நிறுவனம் குறைந்த விலையில் லென்ஸ் செய்ததால்தான் ஏழைக்கும் அது எட்டியது.

ஆனால் எவ்வளவு சுத்தம் செய்தாலும் பையின் ஓரத்தில் சில செல்கள் ஒட்டியிருக்கும். அவை பெருகி, லென்ஸுக்குப் பின்னால் ஊர்ந்து, பையின் பின்சுவரை மங்கச் செய்யும். எடுத்த புரை திரும்ப வராது. மங்குவது பைதான்!

தடுக்கும் வழிகள்

வொர்க்ஷாப்பில் கூர்மையான விளிம்பை ஃபைல் போட்டு மழுக்கச் சொல்வார்கள் அல்லவா? இங்கே தலைகீழ். லென்ஸின் பின்விளிம்பு சதுரமாக இருந்தால், அது பையை அழுத்தி, ஊர்ந்து வரும் செல்களுக்கு வேலி போடுகிறது. இதனால் மங்கல் குறையும், அடியோடு நிற்காது.

மரபணு சிகிச்சையின் குறி அந்தச் செல்களேதான். வீரியம் குறைத்த வைரஸ் மூலம் ஒரு மரபணுவை அவற்றுக்குள் செலுத்துகிறார்கள். அது ஒரு நொதியை உண்டாக்கும். பிறகு கான்சிக்ளோவிர் மருந்தைக் கொடுத்தால், அந்த நொதி மருந்தைச் செல்லுக்குள்ளேயே விஷமாக்கிவிடும். செல் தானாகவே மடியும்படி தூண்டும் மரபணுக்கள் இன்னொரு வழி. முயல்களில் இரண்டுமே பலன் தந்துள்ளன. மனிதருக்கு இன்னும் சிகிச்சையாக வரவில்லை. காரணம், வைரஸ் பையைத் தாண்டி கார்னியாவின் உட்புறச் செல்களைத் தொட்டால் ஆபத்து; அவை அழிந்தால் மறுபடி வளராது.

லேசர் இருக்க இது எதற்கு? சின்னக் குழந்தைகளுக்குப் புரை எடுத்தால் இந்த மங்கல் சீக்கிரமே வரும். அவர்கள் லேசர் மிஷின் முன்னால் ஆடாமல் உட்காருவார்களா?

ஆச்சி உட்கார்ந்தாள். யாக் லேசர் பின்சுவரின் நடுவில் சின்னத் திறப்பு போட்டது. கத்தி இல்லை, தையல் இல்லை, சில நிமிஷ வேலை. கண் அழுத்தம் பார்த்துவிட்டு அன்றைக்கே பஸ் ஏறினோம். மறுவாரம் முறத்தோடு திண்ணையில் உட்கார்ந்துட்டாள்.

உங்க வீட்டுப் பெரியவர் "பொரை திரும்பிட்டு" என்று சொன்னால், விழும் வரை காத்திராமல் கூட்டிப் போங்க, நண்பர்களே!