வெள்ளம் வருமுன் அணை
இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (புவியியல்)

முன்னுரை

"வெள்ளம் வருமுன் அணை போடு" என்னும் பழமொழியை நம்மில் அறியாதார் இலர். ஆயினும், அணையை எங்கே போடுவது, யார் போடுவது, அதற்குரிய பணம் எங்கிருந்து வருவது என்னும் மூன்று வினாக்களுக்கும் பழமொழி விடை கூறவில்லை. விடை கூற வேண்டியது உள்ளாட்சியின் பேரிடர்த் திட்டமாகும். அத்திட்டம் மாவட்டத் தலைநகரில் ஒரு நூலாக இருந்தால் மட்டும் போதாது. ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு வார்டிலும், அங்கு வாழ்வோரே கூடி எழுதியதாகவும் இருத்தல் வேண்டும். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் மாவட்டமும் இயற்கைச் சீற்றமும்

நான் கெடிலக் கரையிலுள்ள திருவதிகையைச் சேர்ந்தவன். அப்பர் பெருமான் பாடிய அந்தக் கெடிலம் கோடையில் மணற்பரப்பாகக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கரை தொட்டு ஓடும். நம் கடலூர் மாவட்டத்தின் வடக்கே தென்பெண்ணை, நடுவே கெடிலம், தெற்கே வெள்ளாறும் கொள்ளிடமும் பாய்கின்றன. மேற்கு மாவட்டங்களில் பெய்யும் மழைநீரில் பெரும்பகுதி கடலை அடைய நம் நிலத்தைத்தான் கடந்தாக வேண்டும். கிழக்கிலோ வங்கக் கடல். அது புயல்களின் பிறப்பிடம்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இம்மாவட்டத்தில் அறுநூறுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டு சென்றது. 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல் பண்ருட்டிப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. 2015 நவம்பரில் பெருமழை வந்தது. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் நீர் திறக்கப்பட, தென்பெண்ணைக் கரையூர்கள் வெள்ளக்காடாயின.

இடர் வேறு, பேரிடர் வேறு

புயலும் மழையும் இயற்கையின் செயல்கள், அவை இடர்கள். அந்த இடர், காப்பில்லாத மக்கள்மீது விழும்போதுதான் பேரிடராகிறது. ஆளில்லாத் தீவில் அடிக்கும் புயலைப் பேரிடர் என்று எவரும் கூறுவதில்லை. மழையை நம்மால் நிறுத்த இயலாது. ஆனால் ஓடைக்குள் வீடு கட்டாமலிருக்க இயலும். நடக்க முடியாத பாட்டியை முந்தின நாளே மேட்டிற்குக் கொண்டு செல்ல இயலும். திட்டமிடுதல் என்பது இவ்வளவே.

பெரிய ஆறும் சிறிய ஓடையும்

2015 நவம்பர் 9 அன்று ஓர் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பதிவாயிற்று. அன்று பேரிழப்பு நேர்ந்த இடங்கள் கடற்கரையூர்கள் அல்ல. பண்ருட்டியை அடுத்த விசூர், பெரியகாட்டுப்பாளையம் போன்ற உள்நாட்டுச் சிற்றூர்கள். செம்மண் மேட்டு நிலத்தில் பெய்த மழை ஓடைகளில் திரண்டு, சிறிது நேரத்தில் வீடுகளை அடித்துச் சென்றது. குழந்தைகள் உட்படப் பலர் மாண்டனர்.

ஓடைக்கு இத்துணை வலிமை எங்கிருந்து வந்தது? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சதுர கிலோமீட்டர் என்பது 10 லட்சம் சதுர மீட்டர். அதன்மேல் 40 சென்டிமீட்டர் மழை பெய்தால் 4 லட்சம் கன மீட்டர் நீர். பாதி மண்ணில் இறங்கியது என்றே கொள்வோம். எஞ்சிய 2 லட்சம் கன மீட்டர் என்பது 20 கோடி லிட்டர். அதாவது, பத்தாயிரம் லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் இருபதாயிரம். ஒரு சதுர கிலோமீட்டருக்கே இவ்வளவு. ஓடையோ பல சதுர கிலோமீட்டர் நீரைச் சுமப்பது. அது மண்ணாலும் முட்செடியாலும் தூர்ந்திருந்தால் நீர் தனக்கு வேறு வழி தேடிக்கொள்ளும்.

பெரிய ஆறுகளுக்கு அளவுகோல் உண்டு. அபாய மட்டம் உண்டு. அணை திறந்தால் அறிவிப்பும் உண்டு. பெயரில்லாத ஓடைக்கு இவற்றுள் ஒன்றுமில்லை. அதனை அறிந்தவர் அதன் கரையில் ஆடு மேய்ப்பவரும் முந்திரிக் கொட்டை பொறுக்குபவருமே. ஆகவேதான் திட்டம் ஊரிலிருந்து தொடங்க வேண்டும் என்கிறோம்.

சட்டம் கூறுவது

2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் மாவட்டந்தோறும் ஓர் ஆணையத்தை அமைக்கிறது. ஆட்சியர் அதன் தலைவர். மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிப் பிரதிநிதி இணைத் தலைவர். மாவட்டத் திட்டம் ஆண்டுதோறும் மறுபார்வை செய்யப்பட வேண்டும். சட்டத்தின் 41ஆம் பிரிவு உள்ளாட்சிகளுக்கென்றே கடமைகளை வகுத்துள்ளது: ஊழியர்க்குப் பயிற்சி அளித்தல், கருவிகளை ஆயத்தமாக வைத்தல், தம் எல்லைக்குள் நடைபெறும் கட்டடப் பணிகள் பாதுகாப்பு விதிகளின்படி அமைவதை உறுதி செய்தல், மீட்பு, நிவாரணப் பணிகளை மேற்கொள்ளுதல் என்பன அவை. பதினைந்தாம் நிதிக்குழு 2021-26 காலத்திற்கு, மாநிலப் பேரிடர் நிதியில் 20 விழுக்காட்டை இடர் தணிப்புக்கென்றே ஒதுக்கச் செய்தது. ஆக, வருமுன் காப்பதற்குச் சட்டமும் உண்டு. நிதிக்கு வழியும் உண்டு.

இது நமக்குப் புதியதும் அன்று. பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகிறது. ஏரியைக் காக்க ஊர்ச்சபையே ஆண்டுதோறும் ஆட்களைத் தேர்ந்தெடுத்தது. குடிமராமத்தும் அவ்வழி வந்த மரபே.

திட்டத்தில் இருக்க வேண்டியவை

ஒன்று, வரைபடம். ஓடை, வாய்க்கால், ஏரி, கலங்கல், தாழ்வான தெரு, மேடான பள்ளிக்கூடம் ஆகியவற்றுடன் முன்னைய வெள்ளத்தில் நீர் எட்டிய அளவும் அதில் குறிக்கப்பட வேண்டும். இரண்டு, பட்டியல். முதியோர், கருவுற்ற தாய்மார், மாற்றுத் திறனாளிகள், குடிசை வீட்டார் எத்தெருவில் உள்ளனர், அவர்களை அழைத்துச் செல்பவர் யார் என்பது பெயருடன் இருத்தல் வேண்டும். மூன்று, நாள்காட்டி. புரட்டாசிக்குள் வாய்க்கால் தூர் வாருதல், மரக்கிளை கழித்தல், படகும் கயிறும் சரிபார்த்தல் முடிய வேண்டும். நான்கு, அனுமதி. நீர்வழியில் மனைப்பிரிவுக்கும் கட்டடத்திற்கும் இசைவு தராத உறுதி வேண்டும். இந்நான்கனுள் கடினமானது நான்காவதே. தூர் வாருவதை யாரும் எதிர்ப்பதில்லை. மனை விற்பதைத் தடுத்தால் எதிர்ப்பு வரும். திட்டத்தின் உண்மையான சோதனை அங்கேதான் உள்ளது.

பயன் கண்ட ஊர்கள்

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. பரங்கிப்பேட்டைக்கு வடக்கே உள்ள சாமியார்பேட்டை மீனவர்களுக்கு, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் துணையுடன் 2004ஆம் ஆண்டிலேயே பேரிடர்ப் பயிற்சி அளிக்கப்பட்டிருந்தது. ஆழிப்பேரலை வந்தபோது அப்பயிற்சி பெற்றவர்களே பலரை நீரிலிருந்து மீட்டனர். ஒடிசாவில் 1999ஆம் ஆண்டின் பெரும்புயலுக்குச் சுமார் பத்தாயிரம் பேர் இரையாயினர். அதன்பின் அம்மாநிலம் புயல் காப்பகங்கள் கட்டி, ஊர்தோறும் குழுக்களைப் பழக்கியது. 2013இல் பைலின் புயல் வந்தபோது ஏறத்தாழ பத்து லட்சம் பேர் முன்னதாகவே இடம் பெயர்ந்தனர். இறந்தோர் ஐம்பதுக்கும் குறைவு. காற்றின் வேகத்தை எவரும் குறைக்கவில்லை. மக்களின் ஆயத்தமே மாறியிருந்தது.

முடிவுரை

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுமாறு 2022இல் விதிக்கப்பட்டது. மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம், அவற்றுள் ஒன்று. ஓடைகளைப் பற்றிப் பேச இதனினும் பொருத்தமான நாள் உண்டோ? நகராட்சிகளில் வார்டுக் குழுவும் பகுதி சபையும் உள்ளன.

என் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். நம் கல்லூரியில் என்னைப் போன்றோர் பலர். எங்கள் பெற்றோர்க்கு நீர் எவ்வழி வரும் என்பது தெரியும். 41ஆம் பிரிவு தெரியாது. திட்டம் எழுதும் அலுவலர்க்குப் பிரிவு தெரியும். அந்த நீர்வழி தெரியாது. இரண்டையும் அறியும் வாய்ப்புப் பெற்றவர்கள் நாம். நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் ஆண்டுக்கு ஓர் ஊரின் நீர்வழிகளை வரைந்து, அடுத்த சபைக் கூட்டத்தில் அவ்வூராரிடம் ஒப்படைப்போமாக. பேராசிரியப் பெருமக்கள் வழிகாட்டினால் அடுத்த ஐப்பசி மழைக்கு முன்பே முதல் வரைபடத்தை முடித்துவிடலாம்.