பல்கலைக்கழகப் பணி

மதுரை மாநகரின் வடபால், பெரியாற்றுக் கால்வாய் நீர் பாயும் வயல்களுக்கிடையே அமைந்த ஊர் அலங்காநல்லூர். தைத் திங்களில் அங்கு நிகழும் ஏறுதழுவுதலால் அவ்வூரின் பெயரை உலகம் அறியும். காளையின் திமிலைப் பற்றியவன், பிடி தளராது நிலைத்தாலன்றிப் பரிசு பெறுதல் இயலாது. கல்வியிலும் அத்தகைய பிடி வேண்டும் பணி ஒன்று உண்டு. அதுவே பல்கலைக்கழகப் பணியாகும்.

அலங்காநல்லூர் மாணவர்க்கு அண்மையில் உள்ளது மதுரை காமராசர் பல்கலைக்கழகம். அது 1966-ஆம் ஆண்டு மதுரைப் பல்கலைக்கழகம் என்னும் பெயரோடு தோன்றியது. 1978-ஆம் ஆண்டு காமராசரின் பெயரைப் பெற்றது. இத்தகைய கழகங்களில் உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர் என ஆசிரியப் பணி மூன்று படிகளை உடையது. அறிந்ததைக் கற்பித்தலோடு அறியாததை ஆராய்தலும் இவர்தம் கடமை. ஆய்வுத் திட்டங்களில் அமர்த்தப்படும் ஆராய்ச்சியாளரும், ஆய்வகப் பணியாளரும், நூலகரும் இவர்க்குத் துணை நிற்பர். திட்டப் பணிகள் குறித்த காலத்திற்கே உரியவை; திட்டம் முடியுங்கால் பணியும் முடியும்.

ஆராய்ச்சிக்குரிய பொருள் தொலைநாட்டில்தான் உண்டென எண்ணுதல் தவறு. இப்பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் எம். கே. சந்திரசேகரனும் அவருடைய மாணவர்களும் மதுரைக்கு அருகிலுள்ள குகையில் வாழும் வௌவால்களை ஆராய்ந்தனர். பகலொளி புகாத குகையினுள் கூண்டில் அடைபட்ட வௌவால், மாலைப்பொழுதை எவ்வாறு அறியும்? உடன் வாழும் வௌவால்கள் நாள்தோறும் வெளியே சென்று மீளுதலைக் கொண்டே அது காலத்தை அறிந்து ஒழுகுவதை அவர்கள் கண்டனர். ஊரார் நாளும் கண்டு கடந்துபோன குகை, உயிரியல் உலகிற்கு ஒரு புதிய உண்மையை உணர்த்திற்று.

இப்பணியை நாடுவோர் முதற்கண் முதுநிலைப் பட்டத்தில் 55 விழுக்காடு மதிப்பெண் பெறுதல் வேண்டும். இடஒதுக்கீட்டுப் பிரிவினர்க்கு 50 விழுக்காடு போதும். அதன்பின் பொதுவாகத் தேசியத் தகுதித் தேர்விலோ மாநிலத் தகுதித் தேர்விலோ தேறுதல் வேண்டும். முனைவர் பட்ட ஆய்வோ பல்லாண்டு நீளும். வயலை நம்பி வாழும் இல்லத்தில், மூத்த பிள்ளை விரைவில் பொருளீட்ட வேண்டுமென்பது பெற்றோர் எதிர்பார்ப்பு. அறிவுடைய மாணவர் பலர் ஆராய்ச்சியைக் கைவிடுதல் இவ்விடத்தேதான். இக்குறையைத் தீர்க்கவே இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை ஏற்பட்டுள்ளது. தேசியத் தகுதித் தேர்வில் உயர்ந்த இடம் பெறுவோர் இதனை அடைவர். 2023-ஆம் ஆண்டில் உயர்த்தப்பட்டபோது, இத்தொகை முதலிரண்டு ஆண்டுகளுக்குத் திங்கள்தோறும் 37,000 ரூபாய் என வகுக்கப்பட்டது. இதனை அறியாமையால் கல்வியைத் துறப்பது பேரிழப்பன்றோ?

நிலையான இடங்கள் சிலவே, நாடுவோர் பலர். ஆயினும் காலம் தாழ்ந்ததென்று சோர்தல் வேண்டா. 1901-ஆம் ஆண்டு பிறந்த தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் முதலில் வழக்கறிஞராயிருந்தவர். தமிழ்மேற் கொண்ட பற்றினால் இடையறாது கற்று, 1944-ஆம் ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியரானார். 1966-ஆம் ஆண்டு மதுரைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக அமர்ந்தார்.

மாணவர்களே! பள்ளிப் பருவத்திலேயே ஒரு பொருளை 'ஏன்?' என வினவிப் பழகுங்கள். வினவுவோர்க்கே ஆராய்ச்சியின் வாயில் திறக்கும். பிடி தளராதோரே அதனுட் புகுவர்.

வினாக்கள்

1. பல்கலைக்கழக ஆசிரியரின் இரு கடமைகள் யாவை?
2. குகை வௌவால் காலத்தை எவ்வாறு அறிந்தது?
3. ஆராய்ச்சி உதவித்தொகையின் இன்றியமையாமையை விளக்குக.