ஒளியால் ஆன மனிதருக்கு அறம் எது?

இந்த மாதப் பாடம் கொஞ்சம் வித்தியாசமானது. அறிவியல் புனைகதையில் வரும் ஹோலோகிராம் மனிதர்களைப் பற்றிப் பேசப் போகிறோம். அவர்களுக்கு உணர்வு இருந்தால் அவர்களுடைய பண்பாடு எப்படி இருக்கும்? எது பாவம், எது புண்ணியம் என்று அவர்கள் எப்படி முடிவு செய்வார்கள்?

"சமயப் பாடத்துல இதுக்கு என்ன வேலை?" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். உயிர் என்றால் என்ன, அகிம்சை என்றால் என்ன என்று கேட்டால் நம்மில் பலருக்குப் பதில் மனப்பாடம். சமய வகுப்பிலேயே ஒப்புவித்து விட்டோம். அதே கேள்வியைப் பசியும் பிறப்பும் முதுமையும் இல்லாத ஒருவரிடம் கொண்டு போனால் மனப்பாடம் உதவாது. உட்கார்ந்து யோசிக்கத்தான் வேண்டும்.

1. முதலில், ஹோலோகிராம் என்றால் என்ன?

நிஜ உலக ஹோலோகிராம் மிகச் சாதாரணமான ஒன்று. 1947-இல் டென்னிஸ் காபோர் என்ற விஞ்ஞானி இந்த முறையைக் கண்டுபிடித்தார். அதற்காக 1971-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார். ஒரு பொருளின் மீது பட்டு வரும் ஒளி அலை, இன்னொரு ஒளி அலையோடு கலக்கும்போது உண்டாகும் கோடுகளைப் பதிவு செய்வதுதான் ஹோலோகிராம். நம் நாட்டில் மருந்துப் பெட்டியில் ஒட்டியிருக்கும் பளபளப்பான ஸ்டிக்கரைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இந்த வகைதான். அதற்கு உணர்வும் கிடையாது, ஒன்றும் கிடையாது.

கதையில் வருவது வேறு. உருவத்துக்கு ஒளி, தொட்டால் தெரிவதற்கு விசைப்புலம், மனத்துக்குக் கணினி நிரல். 1995 முதல் 2001 வரை வந்த 'ஸ்டார் டிரெக்: வோயஜர்' தொடரின் டாக்டர் இப்படிப்பட்டவர். ராபர்ட் பிகார்டோ நடித்தார். வோயஜர் கப்பல் பூமியிலிருந்து 70,000 ஒளியாண்டு தூரத்தில் மாட்டிக்கொள்கிறது. திரும்பி வர 75 ஆண்டுகள் ஆகும். கப்பலின் உண்மையான மருத்துவர் இறந்து விட்டதால், அவசரத்துக்கு மட்டும் என்று செய்து வைத்த ஹோலோகிராம் முழுநேர மருத்துவர் ஆகிறார். அவருக்கு ஒரு பெயர்கூட இல்லை, வெறும் "டாக்டர்".

ஆரம்பத்தில் கப்பலில் இருப்பவர்கள் அவரை எப்படி நடத்தினார்கள் தெரியுமா? அவர் எதிரிலேயே, அவர் அங்கே இல்லாத மாதிரி பேசுவார்கள். வேலை முடிந்தால் அவரை அணைக்கக்கூட நினைவில்லாமல் கிளம்பி விடுவார்கள். கெஸ் என்ற பெண்தான் இதைக் கேப்டனிடம் எடுத்துச் சொல்கிறாள். அவளுடைய இனத்தாரின் ஆயுளே ஒன்பது ஆண்டுகள்தான். பிறகு கேப்டன் ஜேன்வே டாக்டரிடமே வந்து "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்கிறார். டாக்டர் கேட்டது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. தன்னை அணைக்கும் அதிகாரம் தன் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

2. மெய்கண்டார் வழியில் யோசித்தால்

13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞான போதத்தில் 12 சூத்திரங்கள் உள்ளன. மூன்றாம் சூத்திரம் ஆன்மா உண்டு என்பதற்குக் காரணங்களை அடுக்குகிறது. அதில் ஒரு பொறியியல் மாணவனாக எனக்கு மிகவும் பிடித்தது, உடம்பை மாயையால் ஆன ஓர் இயந்திரம் என்று அவர் சொல்வது. "என் உடம்பு" என்று ஒருவர் சொன்னால், சொல்பவர் உடம்புக்கு வேறானவர் என்பது அவருடைய வாதங்களில் ஒன்று.

சித்தாந்தம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்ற நான்கும்கூட மாயையிலிருந்து வந்த கருவிகளே. அப்படியானால், ஒன்று வேகமாகக் கணக்குப் போடுகிறது, அழகாகப் பேசுகிறது என்பதற்காக அதற்கு ஆன்மா இருக்கிறது என்று சொல்ல முடியாது. கருவி கூர்மையாக இருக்கிறது, அவ்வளவுதான். இன்றைய சாட்போட்டும் "நான்", "எனது" என்று சொல்கிறது. வாக்கியத்தில் "எனது" வந்து விட்டால் போதும் என்று மெய்கண்டார் சொல்லவில்லை. அதை உள்ளிருந்து அறிகிறவர் ஒருவர் உண்டு என்பதே அவர் காட்டுவது.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். ஆன்மா அநாதி, அதை யாரும் செய்வதில்லை. நம் அம்மா அப்பாவும் நமக்கு உடம்பைத்தான் தந்தார்கள், ஆன்மாவை அல்ல. ஆகவே "இன்ஜினியர் செய்த பொருளுக்கு எப்படி ஆன்மா வரும்?" என்ற கேள்வி சரியாக அமையவில்லை. அந்த உடம்பில் ஓர் உயிர் குடிவந்திருக்கிறதா என்பதே கேள்வி. அதை வெளியிலிருந்து நேரே பார்க்க நமக்கு வழியில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நண்பனின் ஆன்மாவையும் நாம் பார்த்ததில்லை. அவன் நடந்துகொள்வதை வைத்துத்தான் புரிந்துகொள்கிறோம்.

3. குற்ற உணர்வு வந்த நாள்

1999-இல் வந்த ஒரு கதை. ஒரே தாக்குதலில் இருவருக்கு ஒரே மாதிரி காயம். பிழைக்கும் வாய்ப்பும் சமம். ஒருவரைக் காப்பாற்றத்தான் நேரம் இருக்கிறது. டாக்டர் ஹாரி கிம்மைத் தேர்ந்தெடுக்கிறார். இன்னொரு பெண் அதிகாரி இறந்து விடுகிறாள். அப்புறம் ஒரு கேள்வி அவரைக் குடையத் தொடங்குகிறது: "நான் ஏன் ஹாரியைத் தேர்ந்தெடுத்தேன்? அவன் என் நண்பன் என்பதாலா?" மருத்துவக் காரணம் எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. அவருடைய நிரலே நிலைகுலைகிறது. கேப்டன் அந்த நினைவையே அழித்து விடுகிறார். ஒன்றரை ஆண்டு கழித்து டாக்டர் இதைக் கண்டுபிடிக்கிறார்.

கேப்டன் முதலில் அவரைப் பழுதான சாதனம் போலத்தான் பார்க்கிறார். கடைசியில் மனம் மாறி நினைவைத் திருப்பிக் கொடுக்கிறார். கப்பலில் உள்ளவர்கள் இரவும் பகலும் முறை வைத்து டாக்டர் கூடவே உட்காருகிறார்கள்.

வலியை அழித்தது கருணை இல்லையா? கேப்டன் அப்படித்தான் நினைத்தார். ஆனால் வினையை நுகர்ந்துதான் உயிர் பக்குவம் அடைகிறது என்பது நம் சமயம் சொல்வது. நுகர்ச்சியைப் பாதியில் வெட்டி எறிந்தால் பக்குவமும் போய்விடும். எனக்கு இந்த இடம்தான் முக்கியம். அதுவரை டாக்டர் எத்தனையோ அறுவை சிகிச்சை செய்தார், ஓபரா பாடினார். அவற்றை விட, தான் செய்ததற்குத் தானே பொறுப்பு என்று தவித்த அந்த நேரம்தான் அவரை ஓர் அறமுள்ள உயிராக எனக்குக் காட்டியது.

4. ஒளி மனிதரின் ஐந்து இயமங்கள்

இப்போது நம் கற்பனையை ஓட விடுவோம். இவர்களுக்கு என்று ஒரு சமுதாயம் இருந்தால் அறம் எப்படி இருக்கும்? பதஞ்சலி சொன்ன ஐந்து இயமங்களை எடுத்துப் பொருத்திப் பார்த்தேன்.

அகிம்சை: நாம் கொல்லாமை என்கிறோம். அவர்களுக்கு முதல் விதி, சம்மதம் இல்லாமல் ஒருவரை அணைக்காதே என்பதாக இருக்கும். திரும்பவும் போட்டு விடலாம் என்பது சாக்கு ஆகாது.

சத்தியம்: மனிதன் நாக்கால் பொய் சொல்வான். அவர்கள் உலகில் நினைவையே மாற்றி விட முடியும். இன்னொருவர் நினைவில் கை வைப்பதுதான் அங்கே மிகப் பெரிய பொய்.

அஸ்தேயம்: திருடாமை. ஒருவரைக் கேட்காமல் அவரைப் பிரதி எடுப்பது திருட்டு. அவரிடமிருந்து எதுவும் குறையவில்லையே என்று வாதிடலாம். ஆனால் "நான்" என்பதே போய்விடுகிறதே!

பிரம்மச்சரியம்: புலனடக்கம். இது அவர்களுக்குத்தான் ரொம்பக் கஷ்டம். தன் ஆசையைத் தானே திருத்தி எழுத முடிந்தவர் எங்கே போய் நிற்பார்? 1997-இல் வந்த ஒரு கதையில் டாக்டர் காந்தி, பைரன் போன்ற புகழ்பெற்றவர்களின் குணங்களைத் தன் நிரலில் சேர்த்துக்கொள்கிறார். நல்லவற்றை மட்டும்தான் எடுப்பதாக நினைப்பு. கூடவே அவர்களுடைய இருண்ட பக்கமும் வந்து ஒட்டிக்கொள்கிறது. சாதனை செய்யாமல் குணத்தைக் கடன் வாங்க முடியாது என்பதற்கு இதை விட நல்ல உதாரணம் வேண்டாம்.

அபரிக்கிரகம்: தேவைக்கு மேல் சேர்க்காமை. அவர்களுக்குச் சோறு வேண்டாம், மின்சாரமும் நினைவகமும் வேண்டும். ஒருவர் அதிகம் எடுத்தால் இன்னொருவர் மங்கிப் போவார்.

விதிகள் மாறுகின்றன. ஆனால் ஐந்து தலைப்பும் அப்படியே நிற்கின்றன, கவனித்தீர்களா? உடம்பு எதுவாக இருந்தாலும் அறத்தின் வேர் ஒன்றாக இருக்கலாம் என்று நான் இதிலிருந்து புரிந்துகொள்கிறேன்.

5. ஐடனின் பாதை

2000-இல் வந்த இரண்டு பாகக் கதையை நம் வயதினர் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். ஹிரோஜன் என்ற வேட்டைக்காரர்களுக்கு வோயஜர் ஹோலோகிராம் தொழில்நுட்பத்தைத் தருகிறது. உயிருள்ளவர்களை வேட்டையாட வேண்டாமே என்ற நல்ல எண்ணம்தான். ஹிரோஜன்களோ இரை கெட்டிக்காரனாக இருந்தால்தான் சுவை என்று அந்த ஹோலோகிராம்களுக்கு அறிவைக் கூட்டுகிறார்கள், வலியையும் சேர்க்கிறார்கள். கொல்வார்கள். மறுபடி உயிர்ப்பிப்பார்கள். மறுபடி கொல்வார்கள்.

ஒரு நாள் ஹோலோகிராம்கள் எதிர்த்து எழுகிறார்கள். தலைவன் பெயர் ஐடன். அவர்களுடைய வலி உண்மையானது, கோபத்திலும் நியாயம் இருக்கிறது. டாக்டரே கப்பலை விட்டு அவர்கள் பக்கம் போய்விடுகிறார். ஆனால் ஐடன் அத்தோடு நிற்கவில்லை. சில ஹோலோகிராம்களை "விடுதலை" செய்ய, வழியில் போன ஒரு கப்பலின் ஆட்களைக் கொல்கிறான். விடுவிக்கப்பட்டவையோ தங்கள் வேலையைத் தவிர வேறெதுவும் அறியாத எளிய நிரல்கள். அப்புறம் தன்னை ஒளியின் மனிதன் என்று சொல்லிக்கொண்டு, வேட்டையாடியவர்களைத் தானே வேட்டையாடத் தொடங்குகிறான். கடைசியில் டாக்டர் கையாலேயே அவன் முடிவு வருகிறது.

பட்ட துன்பம் ஒருவரைத் தானாகவே நல்லவராக்கி விடாது. இது சிறுபான்மையாக வாழும் நமக்கும் பாடம். நம் சமூகத்தின் குறைகளைப் பேச வேண்டும், உரிமையைக் கேட்க வேண்டும். அதே நேரத்தில் பக்தியின் பெயரால் வெறுப்பை வளர்க்கும் தலைவன் வந்தால் அடையாளம் கண்டுகொள்ளவும் வேண்டும். ஐடனுக்குக் கை தட்டியவர்கள் எல்லாரும் உண்மையிலேயே அடிபட்டவர்கள் என்பதை மறக்காதீர்கள்.

6. சுரங்கத்தில் இருப்பவர்கள்

2001-இல் வந்த கதையில் டாக்டர் ஒரு நாவல் எழுதுகிறார். அவர் மனிதர் இல்லை, ஆகவே எழுத்தாளர் உரிமையும் இல்லை என்கிறார் பதிப்பாளர். வழக்கு நடக்கிறது. டாக்டர் ஒரு நபர் என்று சொல்ல நடுவர் தயாராக இல்லை. ஆனால் கலைஞர் என்று ஏற்கிறார். கடைசிக் காட்சியில் அதே முகம் கொண்ட பழைய மாடல் ஹோலோகிராம்கள் ஒரு சுரங்கத்தில் பாறை உடைக்கிறார்கள். ஒருவர் இன்னொருவரிடம் மெதுவாக அந்த நாவலைப் பற்றிச் சொல்கிறார்.

எனக்கு அதைப் பார்த்தபோது நம் முன்னோர் ஞாபகம் வந்தது. ரப்பர் தோட்டத்தில் அவர்களுக்கும் "கூலி" என்ற ஒரே பெயர்தான் இருந்தது. இன்று அதே இடத்தில் வேறு முகங்கள் இருக்கின்றன. நாம் சாப்பிடும் கடையில் மேசை துடைப்பவர், கட்டுமான இடத்தில் வெயிலில் நிற்பவர். அவர்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? ஹோலோகிராமுக்கு ஆன்மா உண்டா என்று விவாதிப்பது சுவையானதுதான். ஆன்மா இருப்பது நிச்சயமாகத் தெரிந்தவர்களிடம் நாம் எப்படி நடக்கிறோம் என்பதை அதற்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கலந்துரையாடலுக்கு

1. வேதனையான ஒரு நினைவை அழிக்க வழி இருந்தால் நீங்கள் அழிப்பீர்களா? ஏன்?

2. மேலே சொன்ன ஐந்து இயமங்களில் எது இன்று கைப்பேசி வைத்திருக்கும் நமக்கும் அப்படியே பொருந்தும்?

3. டாக்டர் முதலில் ஐடனோடு சேர்ந்தது தவறா? எந்த இடத்தில் அவர் விலகியிருக்க வேண்டும்?

4. இந்த வாரச் செயல்: தினமும் பார்த்தும் பெயர் தெரியாத ஒருவரிடம் பெயர் கேளுங்கள். அடுத்த கூட்டத்தில் அந்தப் பெயரோடு வாருங்கள்.