நெட் வருது, ஆனா கையெழுத்து விழ மாட்டேங்குது!

இந்த மாதக் கம்ப்யூட்டர் பாடம் நம்ம கூட்டமைப்பு அலுவலகத்தில் நடந்த ஒரு சங்கடத்திலிருந்து பிறந்தது.

நம்ம உற்பத்தியாளர் நிறுவனத்தின் வருடாந்திரப் படிவத்தை அனுப்ப அன்றுதான் கடைசி நாள். தாமதமானால் அபராதம், அதுவும் நம்ம சேமிப்பிலிருந்துதான் போகணும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைச் செருகினோம். இணையதளம் நல்லாத் திறந்தது. கையெழுத்துப் பொத்தானை அழுத்தினால் மட்டும் "இணைப்பு கிடைக்கவில்லை" என்று வந்தது. பத்து தடவை அழுத்தியும் அதே பதில். ரிப்பேர் பார்க்க வந்தவர், "வைரஸ்மா, ஃபார்மேட் போட்டாத்தான் சரியாகும்" என்றார். மூன்று வருடக் கணக்கும் அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருக்கு. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

நல்ல வேளை, அவசரப்படவில்லை. உண்மையில் வைரஸே இல்லை. சிக்கல் ப்ராக்ஸி சர்வரில் இருந்தது.

ப்ராக்ஸி என்றால் பதிலாள். நம்ம குழுவில் இருபது பேரும் பேங்குக்குப் போவதில்லையே! தீர்மானம் போட்டு, ஊக்குநரும் பிரதிநிதியும் போவார்கள். அதே மாதிரி சில கட்டிடங்களில் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பதிலாக ஒரே ஒரு சர்வர்தான் வெளியே போய் இணையத்தில் கேட்டு வாங்கி வரும். நேராகப் போக முயன்றால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். ப்ரவுசருக்கு "ப்ராக்ஸி வழியாப் போ" என்று ஏற்கெனவே சொல்லியிருக்கும். அதனால் இணையதளம் திறக்கும். ஆனால் ப்ரவுசருக்குத் துணையாக வேலை செய்யும் கையெழுத்துச் செயலி தனி ஆள். அதற்கு யாரும் சொல்லவில்லை. அது நேராக ஓடி, கதவில் முட்டிக்கொண்டு திரும்பி வந்தது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை போதும். முதலில் செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அதில் ப்ராக்ஸி என்ற பக்கத்தைத் திறங்க. அங்கே ஒரு முகவரியும் போர்ட் எண்ணும் இருக்கும். 8080 அல்லது 3128 என்ற எண் அடிக்கடி வரும். இரண்டையும் நோட்டில் எழுதிக்கோங்க. இதை மறந்தா அப்புறம் ரொம்பக் கஷ்டம். பிறகு ப்ராக்ஸியை அணைத்து, செல்போன் ஹாட்ஸ்பாட்டில் கம்ப்யூட்டரை இணைத்து, அதே வேலையைச் செய்து பாருங்க. இப்போது வேலை செய்தால் செயலி நல்லாயிருக்கு, கட்டிடத்து நெட் வழியில்தான் தடை. அப்பவும் செய்யவில்லை என்றால் செயலியையோ டோக்கனையோ பார்க்கணும். சோதனை முடிந்ததும் ப்ராக்ஸியைப் பழையபடி போட்டுவிடுங்க.

வழியில்தான் தடை என்று தெரிந்தால், செயலியின் சொந்த செட்டிங்ஸில் ப்ராக்ஸி என்ற இடம் இருக்கிறதா பாருங்க. நோட்டில் எழுதிய முகவரியையும் எண்ணையும் அங்கேயும் போடணும். திரையில் 407 என்று வந்தால், ப்ராக்ஸி பெயரும் பாஸ்வேர்டும் கேட்கிறது என்று அர்த்தம். ஃபயர்பாக்ஸ் வைத்திருப்பவர்கள் கவனிங்க, அதற்குத் தனி ப்ராக்ஸி செட்டிங் உண்டு. குரோமில் ஓடி ஃபயர்பாக்ஸில் ஓடவில்லை என்றால் அதையும் பார்க்கணும்.

இன்னொன்று. 127.0.0.1 என்ற எண் நம்ம கம்ப்யூட்டரையே குறிக்கும். ப்ரவுசர் பக்கத்திலேயே இருக்கும் கையெழுத்துச் செயலியோடு பேச இந்த முகவரியைத்தான் பயன்படுத்தும். பக்கத்து அறையில் இருக்கும் அக்காவைக் கூப்பிட ஊர் சுற்றிப் போகணுமா? இதை ப்ராக்ஸிக்கு அனுப்பவே கூடாது. இப்போதைய ப்ரவுசர்கள் பெரும்பாலும் தானாகவே விட்டுவிடும். பழைய கம்ப்யூட்டர் என்றால் ப்ராக்ஸி பக்கத்தில் உள்ள விதிவிலக்குப் பெட்டியில் இந்த எண் இருக்கிறதா பாருங்க.

சிலர் "பிளக்-இன் போடணும், ஃபிளாஷ் போடணும்" என்பார்கள். அது முடிந்த கதை. பழைய வகைப் பிளக்-இன்களைக் குரோம் 2015-இலும், ஃபயர்பாக்ஸ் 2017-இலும் நிறுத்திவிட்டன. ஃபிளாஷுக்கு அடோபி நிறுவனம் ஆதரவை நிறுத்தியது 2020 டிசம்பர் 31-இல். இன்றைக்கு "ஃபிளாஷ் இறக்குங்கள்" என்று ஒரு பக்கம் கேட்டால், தொடாமல் மூடிவிடுங்க.

டோக்கனின் பின் நம்பரை ரிப்பேர்காரர் கேட்டாலும் சொல்லாதீங்க. தப்பான நம்பரைப் பலமுறை அடித்தால் டோக்கனே பூட்டிக்கொள்ளும். அது பெரிய அலைச்சல்.

அன்றைக்கு எங்கள் பொருளாளர் அக்காவின் போன் ஹாட்ஸ்பாட்டில் நாலரை மணிக்குக் கையெழுத்து விழுந்தது. மறுநாள் கட்டிடத்தின் நெட்டைப் பார்த்துக்கொள்ளும் தம்பியிடம், எந்தச் செயலி, எந்த இணையதளம், எத்தனை மணிக்கு என்ன செய்தி வந்தது என்று தாளில் எழுதிக் கொடுத்தேன். வெறுமனே "நெட் வரலை தம்பி" என்று முன்பு நாலு தடவை சொன்னபோது நடக்காதது, அந்தத் தாளைப் பார்த்ததும் பத்து நிமிஷத்தில் நடந்தது. ஃபார்மேட் போட வந்தவருக்கு டீ மட்டும் வாங்கிக் கொடுத்து அனுப்பினோம்.