ஏற்றத்தில் தொடங்குங்கள்

பென்னாகரத்திலிருந்து கீழே ஆற்றங்கரையில் இருக்கும் ஒகேனக்கல் ஏறக்குறைய 16 கிலோமீட்டர். மேலே இருப்பவர்களுக்கு அந்த மலைப்பாதையில் ஓட்டம் என்றால் முதலில் இறக்கம், பிறகு ஏற்றம். உடம்பு நன்றாக இருக்கும்போது இது ஒரு விஷயமே இல்லை. கொரோனாவில் படுத்து எழுந்தவருக்கோ இதைவிட ஆபத்தான பாதை கிடையாது. இறக்கத்தில் கால் தானாகப் போகும், மூச்சு வாங்காது, பழைய தெம்பு திரும்பிவிட்டது என்று தோன்றும். ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் நெஞ்சும் தொடையும் உள்ள நிலவரத்தைச் சொல்லும். அப்போது வீடு மலைக்கு மேலே இருக்கும்.

2021 மே மாதம், இரண்டாம் அலையில் எனக்கும் வந்தது. மீண்டு, ஊரடங்கும் தளர்ந்த பிறகு, நண்பரின் பைக்கில் ஒகேனக்கல் வரை போய், கீழிருந்து மேலே ஓட ஆரம்பித்தேன். முடியாவிட்டால் திரும்பி இறங்கி நடக்கலாம். பென்னாகரம் பஸ் வந்தால் கைகாட்டி ஏறிக்கொள்ளலாம். மலைமேல் இருப்பவர்கள், கொல்லிமலையோ ஏற்காடோ, எல்லோருக்கும் இதையே சொல்வேன். நோய்க்குப் பிறகு கஷ்டமான பாதி முதலில் வரும்படி வழியை மாற்றிக்கொள்ளுங்கள். ஒகேனக்கல் வழி காட்டுப்பாதை, யானை கடக்கும் இடம் வேறு. தனியாகப் போகாதீர்கள்.

நெடுந்தூரம் ஓடுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வலித்தாலும் நிற்க மாட்டோம். 'இன்னும் ஒரு கிலோமீட்டர்' என்று சொல்லிச் சொல்லித்தான் 42 கிலோமீட்டரை முடிக்கிறோம். அந்தப் பிடிவாதம்தான் வைரஸ் காய்ச்சலில் நமக்கு எதிரி. இத்தாலியின் கொடோன்யோ ஊரில் 2020 பிப்ரவரியில் தொற்று உறுதியான ஒருவர் 38 வயதுக்காரர், ஓட்டக்காரர். அதே மாதத் தொடக்கத்தில் அரை மாரத்தான் ஓடியிருந்தவரை வெண்டிலேட்டரில் வைக்க வேண்டி வந்தது. பிழைத்துக்கொண்டார். 'தினமும் ஓடுறேன், எனக்கு எதுவும் வராது' என்று நம்மில் பலர் சொன்ன காலம் அது.

பயம் நுரையீரலைப் பற்றி மட்டுமல்ல. வைரஸும் அதை எதிர்க்கும் நம் உடம்பின் வேகமும் சேர்ந்து இதயத் தசையை வீங்கவைக்கலாம். வீங்கியிருக்கும்போது கடுமையாக ஓடினால் துடிப்பு தாறுமாறாகும், சில நேரம் உயிருக்கே ஆபத்தாகும். 2020-இல் அமெரிக்காவின் ஒஹையோவில் தொற்று வந்த 26 கல்லூரி விளையாட்டு வீரர்களை ஸ்கேன் செய்தபோது 4 பேரிடம் அந்த வீக்கத்தின் அடையாளம் தெரிந்தது. படித்தபோது கலங்கிப்போனேன். அடுத்த ஆண்டு 1,597 பேரைப் பார்த்த பெரிய ஆய்வில் 37 பேர்தான், அதாவது 2.3 சதவீதம். மனம் கொஞ்சம் ஆறியது. ஆனாலும் நாற்பது பேர் ஓடும் குழுவில் ஒருவர் என்றால், அந்த ஒருவர் யார் என்று ஓடும்போது யாருக்கும் தெரியாது.

பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அப்போது வந்த பரிந்துரை, அறிகுறி எல்லாம் நின்று குறைந்தது 7 நாள் கழித்தே உடற்பயிற்சி தொடங்கலாம், முதல் இரண்டு வாரம் மிக லேசாக இருக்க வேண்டும் என்றது. நான் நாள்காட்டியைவிட நாடியை நம்பினேன். காலையில் கண் விழித்ததும், எழுந்திருக்காமல், மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக இரண்டு விரல் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணுவேன். நல்ல நாளில் 52, 54 இருக்கும். காய்ச்சல் விட்டு, சாப்பாடு ருசித்து, வீட்டில் எல்லோரும் 'தேறிட்டே' என்று சொன்ன பிறகும் 68-க்குக் கீழே இறங்கவில்லை. அது 60-க்குள் வரும்வரை நடை மட்டும்தான். இதற்கு விலையுயர்ந்த கைக்கடிகாரம் தேவையில்லை, சுவரில் நொடி முள் ஓடும் கடிகாரம் போதும்.

இன்னொன்று, இன்றைய ஓட்டத்தின் கணக்கு நாளையோ மறுநாளோதான் வரும். ஓடும்போது நன்றாக இருந்து, மறுநாள் படிக்கட்டு ஏற முடியாமல் போனால் அந்த தூரம் அதிகம். அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் கூட்டினேன். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு ஓடுவது மகா தவறு. மாத்திரை காய்ச்சலைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்குமே தவிர, இதயத்துக்குள் நடப்பதை நிறுத்தாது.

ஓய்வு எடுங்கள் என்று சொல்வது ஓட்டக்காரனிடம் எளிது. ஒகேனக்கல் மாமரத்துக்கடவில் பரிசல் ஓட்டும் அண்ணன் ஒருவருக்கும் அதே அலையில் காய்ச்சல். துறை மூடிக் கிடந்தவரை கடன். திறந்ததும் துடுப்பை எடுத்துவிட்டார். "நீ ஓடலன்னா உன் பந்தயந்தான் போவும் தம்பி. நான் ஓட்டலன்னா ஊட்டுல அடுப்பு எரியாது" என்றார். அவருக்கு எந்த வழிகாட்டியிலும் பதில் இல்லை. ஆனால் அவர் செய்தது எனக்குப் பாடம். பரிசலைக் கவிழ்த்துத் தலையில் சுமந்து பாறை மேல் ஏற்றும் வேலையை முழுக்க மகனிடம் விட்டுவிட்டார். நீரோட்டத்தை எதிர்த்துப் போட வேண்டிய சவாரிகளையும் கூட்டாளிகளோடு மாற்றிக்கொண்டார். முழுதாக நிறுத்த முடியாதவர்கள் மூச்சைப் பிடித்துத் தூக்கும் பகுதியையாவது முதலில் கழற்றிவிட வேண்டும். வயல் வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். வெயிலில் ஒகேனக்கல் பாறை கொதிக்கும் என்பதால் பரிசல் அண்ணன் காலை பத்து மணிக்குள் பெரும்பகுதியை முடித்துக்கொண்டார்.

நெஞ்சுவலி, படபடப்பு, தலைசுற்றல், வழக்கத்துக்கு மீறிய மூச்சிரைப்பு, இதில் ஒன்று இருந்தாலும் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்குப் போய் இசிஜி, எக்கோ பார்த்துவிடுங்கள். போனதும் முதல் வார்த்தையாக, நீங்கள் நெடுந்தூரம் ஓடுகிறவர் என்பதைச் சொல்லுங்கள். நாடி 75 என்றால் மருத்துவருக்கு அது இயல்பான எண். வழக்கமாக 52 உள்ள உங்களுக்கு அது காய்ச்சலின் எண். ஓட்டக்காரர்களின் இசிஜி நல்ல நாளிலேயே மற்றவர்களுடையதைப்போல இருக்காது, புதிதாகப் பார்ப்பவருக்குச் சந்தேகம் வரும். அதனால் உடம்பு நன்றாக இருக்கும்போதே ஒரு இசிஜி எடுத்து, தேதி போட்டு, ரேஷன் கார்டோடு வைத்துக்கொள்ளுங்கள். என்னுடைய இசிஜியின் படத்தை என்னோடு ஓடும் இரண்டு பேரின் போனிலும் போட்டு வைத்திருக்கிறேன்.