டாட்சன் 240இசட்: சக்கரத்துக்கு முன் சஸ்பென்ஷன்

1969ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஜப்பானில் ஃபேர்லேடி இசட் என்றும் அமெரிக்காவில் டாட்சன் 240இசட் என்றும் அறிமுகமான நிசான் நிறுவனத்தின் இரண்டு இருக்கைக் கார், பழைய ஜப்பானிய விளையாட்டுக் கார்களுள் மிகுதியாக மாற்றியமைக்கப்படுவது. இதை வாங்குவோர் பெரும்பாலும் முதலில் விலை கேட்பது அலாய் சக்கரங்களுக்கே. அதன்பின் சக்கரத்துக்கேற்ற டயரைத் தேடி, டயர் சக்கர வளைவில் இடிக்கும்போதுதான் ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் பற்றிச் சிந்திக்கின்றனர். இக்காரை நீண்ட காலம் வைத்து ஓட்டியவர்களின் பட்டறிவோ இந்த வரிசையைத் தலைகீழாக்கச் சொல்கிறது: கார் எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பதையும் அதன் சஸ்பென்ஷன் எவ்வளவு தூரம் அசையும் என்பதையும் முதலில் முடிவுசெய்து, அதன்பின் டயரின் விட்டத்தையும் அகலத்தையும் வரையறுத்து, எஞ்சும் இடத்துக்குள் அடங்கும் சக்கரத்தைக் கடைசியில் தேர்வதே பணத்தையும் தகட்டையும் காக்கும் வழி.

ஆலையிலிருந்து வெளிவந்தபோது இக்கார் 14 அங்குல விட்டமும் 4.5 அங்குல அகலமும் கொண்ட இரும்புச் சக்கரங்களில், 175 மி.மீ. அகல டயர்களோடு நின்றது. ஆயிரம் கிலோவைச் சற்றே தாண்டிய எடைக்கு அது அன்று போதுமானதாகக் கருதப்பட்டது. நான்கு மூலைகளிலும் ஸ்டிரட் எனப்படும் அமைப்பு, அதாவது ஷாக் அப்சார்பரையும் ஸ்பிரிங்கையும் ஒரே நெடுங்குழாயில் இணைத்து, அக்குழாயையே சக்கரத்தைத் தாங்கும் தூணாகவும் ஆக்கிய அமைப்பு, பொருத்தப்பட்டிருந்தது. சக்கரத்தைத் தேர்பவர் இங்கே கவனிக்க வேண்டியது, டயரின் உட்சுவருக்கு அருகிலேயே அக்குழாயும் அதன்மேல் ஸ்பிரிங் அமரும் அகன்ற தட்டும் இருக்கின்றன என்பதே. உட்புறத்தில் மிஞ்சும் இடம் விரலளவே என்பதால், கூட்டும் அகலத்தின் பெரும்பகுதி வெளிப்புறமாகத்தான் போக முடியும். ஸ்பிரிங்குகளும் இன்றைய அளவுகோலில் மிக மென்மையானவை, ஒரு மி.மீ. அமுங்க இரண்டு கிலோ எடைகூடத் தேவையில்லை. 1971இலும் 1973இலும் கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியில் 240இசட் வென்றதை நினைவில் கொள்வோர், கரடுமுரடான பாதையில் சக்கரத்துக்கு மேலும் கீழும் அசைய இடம் இருப்பதன் அருமையைத் தனியே விளக்கிக் கேட்க வேண்டியதில்லை.

ஆயினும் இக்காரைத் தாழ்த்தும் ஆசை எளிதில் அடங்குவதன்று. பழைய டயருக்கும் சக்கர வளைவுக்கும் இடையே இருந்த பெரிய இடைவெளி புகைப்படங்களில் கண்ணை உறுத்துவது உண்மையே. இரண்டு மூன்று செ.மீ. தாழ்த்துவதால் தீங்கு அதிகமில்லை. அதற்கு மேல் போகும்போது ஒன்றன்பின் ஒன்றாக மூன்று சிக்கல்கள் எழுகின்றன. முதலாவது, ஷாக் அப்சார்பரின் தண்டு ஏற்கெனவே பாதி அமுங்கிய நிலையில் நிற்பதால், சிறு பள்ளத்திலேயே அது அடிமுட்டுகிறது. அடிமுட்டும் கார் சாலையைப் பிடிப்பதில்லை, துள்ளுகிறது. இரண்டாவது, சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் குறுக்குக்கை கிடைமட்டத்தைக் கடந்து மேல்நோக்கிச் சாய்கிறது. அப்போது சாய்வு மையம், அதாவது திருப்பத்தில் காரின் உடல் எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தக் கற்பனைப் புள்ளி, உடல் தாழ்ந்த அளவைவிட அதிகமாகக் கீழே இறங்கிவிடுகிறது. எடை மையத்துக்கும் இப்புள்ளிக்கும் இடையிலான தூரம் கூடக்கூட உடலைச் சாய்க்கும் நெம்புவிசையும் கூடும் என்பதால், அதே ஸ்பிரிங்கோடு தாழ்த்தப்பட்ட கார் முன்னைவிட அதிகமாகச் சாயும். தாழ்ந்த கார் நன்றாகத் திரும்பும் என்ற பொதுநம்பிக்கை இங்கே பொய்க்கிறது. மூன்றாவது, ஸ்டியரிங்கின் இணைப்புத் தண்டும் குறுக்குக்கையும் வெவ்வேறு வில்களில் அசையத் தொடங்குவதால், மேடுபள்ளத்தில் ஓட்டுநர் திருப்பாமலேயே சக்கரம் திசை மாறுகிறது.

இவற்றுக்கு மாற்று உண்டு, ஆனால் எதுவும் ஸ்பிரிங்கை அறுப்பதுபோல் மலிவானதன்று. ஸ்டிரட் குழாயையே குறுக்கி வெட்டிப் பற்றவைத்து, அதற்கேற்ற நீளம் குறைந்த ஷாக் அப்சார்பரைச் செருகினால், கார் தாழ்ந்தாலும் தண்டு அசையும் தூரம் காக்கப்படும். குழாயின் விட்டமும் நீளமும் தயாரிப்பு ஆண்டைப் பொறுத்து மாறுவதால், 240இசட், 260இசட், 280இசட் என்ற மாதிரிகளுக்குரிய உதிரிகளை அளந்து பார்க்காமல் மாற்றி வாங்கக் கூடாது. முன்சக்கரங்களில் ஸ்டிரட்டின் அடிப்பகுதிக்கும் ஸ்டியரிங் கைக்கும் இடையே தடித்த உலோகத் துண்டு ஒன்றை வைத்து, குறுக்குக்கையின் வெளிமுனையைக் கீழே தள்ளினால், இரண்டாவது, மூன்றாவது சிக்கல்கள் பெருமளவு தணியும். அத்துண்டை வைத்தபின் ஸ்டியரிங் கை 14 அங்குல ரிம்மின் உட்சுவரை உரசுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அறுத்த ஸ்பிரிங்கோ, சக்கரம் முழுதும் தொங்கும்போது தன் இருக்கையிலிருந்து நழுவக்கூடியது என்பதால், அழகுக்காகவும் அதை ஏற்க இயலாது.

ஸ்பிரிங்கின் விறைப்பைத் தேர்வதில் மிகையே வழக்கமான தவறு. பந்தயத் தடத்தை மனத்தில் கொண்டு விற்கப்படும் உயரம் மாற்றத்தக்க தொகுப்புகளில் மி.மீ.க்கு ஆறு, எட்டு கிலோ விறைப்புள்ளவையும் கிடைக்கின்றன. ஆனால் ஐம்பது ஆண்டு கடந்த மெல்லிய தகட்டு உடல், அவ்விசையைத் தாங்கும்போது தானே நெளிந்து, ஸ்பிரிங் செய்ய வேண்டிய வேலையைத் தான் செய்யத் தொடங்கும். பொதுச் சாலைக்கு மூன்று முதல் நான்கரை கிலோ வரையிலான விறைப்பு தாராளமாகப் போதும். அதைவிட முக்கியம், ஸ்பிரிங்கோடு ஒத்துப்போகும் ஷாக் அப்சார்பர்: விறைப்பைக் கூட்டிவிட்டு, மென்மையான ஸ்பிரிங்குக்கென வடிவமைத்த பழைய செருகியையே வைத்திருந்தால், அமுங்கிய ஸ்பிரிங் விரியும் வேகத்தை அதனால் அடக்க முடியாது. விட்டம் குறைந்த மெலிந்த ஸ்பிரிங் கொண்ட உயரம் மாற்றத்தக்க தொகுப்புகளுக்கு வேறொரு நன்மையும் உண்டு; அகன்ற தட்டு நீங்குவதால் உட்புறத்தில் சில மி.மீ. இடம் கிடைக்கிறது. சக்கரத்தை முதலில் வாங்கியவர் இந்த இடத்தைப் பயன்படுத்திக்கொள்ளவே முடியாமல் போகும்.

மூட்டுகளில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் உருளைகளான புஷ்களை மாற்றாமல் புதிய ஷாக் அப்சார்பர்களைப் பொருத்துவது வீண்செலவு. கடினமான பாலியூரிதேன் புஷ்கள் எளிதில் கிடைத்தாலும், குறுக்குக்கையை முன்பின்னாக அசையாமல் பிடிக்கும் இழுதண்டின் இருபுறமும் அவற்றைப் பொருத்தினால், வளைந்து கொடுக்க வேண்டிய தண்டு விறைத்து நின்று நாளடைவில் முறிந்த நிகழ்வுகள் இக்காரின் வரலாற்றில் பரவலாக அறியப்பட்டவை. ஒரு புறத்திலேனும் ரப்பரை விடுவது நல்லது. பின்புறக் கையையும் ஸ்டிரட்டையும் இணைக்கும் நெடிய ஊசிபோன்ற தண்டு, துருவால் தன் துளையோடு ஒன்றிவிடும் இயல்புடையது. அதைக் கழற்றும் வேலைக்கு மட்டும் ஒரு முழுநாள் ஒதுக்குவது மிகையாகாது. ஸ்டிரட்டின் மேல்முனை பொருந்தும் இடங்களும் பேட்டரி அமரும் மூலையும் அடிச்சட்டங்களும் துருப்பிடித்திருந்தால், சஸ்பென்ஷன் பேச்சையே ஒத்திவைத்து வெல்டிங் பட்டறைக்குப் போக வேண்டும்.

சக்கரத்துக்கு வரும்போது, மாற்றமுடியாத அளவுகளை முதலில் சரிபார்க்க வேண்டும். இக்காரின் ஒவ்வொரு சக்கரமும் நான்கு ஸ்டட்களில் அமர்கிறது. அந்த ஸ்டட்களின் மையங்கள் வழியே வரையப்படும் வட்டத்தின் விட்டம் 114.3 மி.மீ. முதல் தலைமுறை மாஸ்டா ஆர்எக்ஸ்-7இல் இது 110, முதல் தலைமுறை எம்எக்ஸ்-5இல் 100. டொயோட்டாவின் ஏஇ86 நிசானைப் போலவே 114.3 கொண்டது என்பதால் அதன் சக்கரங்கள் துளையளவில் பொருந்தும். ஆனால் அதன் நட்டுகள் பொருந்தா. டொயோட்டாவின் மரை 1.5 மி.மீ. இடைவெளியிலும் நிசானின் மரை 1.25 மி.மீ. இடைவெளியிலும் வெட்டப்பட்டவை, இரண்டும் 12 மி.மீ. தடிப்புள்ளவையாதலால், கைமாறிய நட்டு இரண்டொரு சுற்று ஏறியபின் இறுகிவிட்டது போலத் தோன்றி மரையைச் சிதைத்துவிடும். சில பழைய சக்கரங்கள் கூம்பு நட்டுகளையும், வேறு சில நேர்த்தண்டும் தட்டை வாஷரும் கொண்ட நட்டுகளையும் கேட்பவை. இவற்றைக் கலந்து பயன்படுத்துவது ஆபத்து. சக்கரத்தை வெளித்தள்ள இடையே வில்லை வைப்போர், நட்டு குறைந்தது 12 மி.மீ. ஆழம், அதாவது ஒன்பதரைச் சுற்றுக்குச் சற்று மேல், மரையில் ஏறுகிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது ஆஃப்செட்: சக்கர அகலத்தின் நடுக்கோட்டுக்கும் அது ஹப்பில் பொருந்தும் பரப்புக்கும் இடையிலான தூரம். பொருந்தும் பரப்பு வெளிப்புறம் தள்ளியிருந்தால் நேர்மறை, உட்புறம் தள்ளியிருந்தால் எதிர்மறை; நேர்மறை கூடினால் சக்கரம் உள்ளே போகும், எதிர்மறை கூடினால் வெளியே வரும். 4.5 அங்குலத்திலிருந்து 7 அங்குலத்துக்கு மாறும்போது அகலம் 63.5 மி.மீ. கூடுகிறது, ஆஃப்செட் மாறாவிட்டால் அதில் பாதி, ஏறத்தாழ 32 மி.மீ., ஸ்டிரட்டை நோக்கிச் செல்லும். 15 அங்குல விட்டம், 7 அங்குல அகலம், சுழி ஆஃப்செட் என்ற கூட்டு, உடலை எங்கும் வெட்டாமல் இக்காரில் அமரும் என்பது நெடுநாள் பயன்பாட்டில் உறுதிப்பட்டது. 8 அங்குலம் என்றால் மேலும் 12.7 மி.மீ. இருபுறமும் வேண்டும்; அப்போது பின்சக்கர வளைவின் உள்விளிம்பை மடித்துத் தட்டவும் மெலிந்த ஸ்பிரிங்குக்கு மாறவும் நேரிடும். எதிர்மறை ஆஃப்செட்டின் ஆழ்ந்த கிண்ணத் தோற்றம் பலரையும் மயக்குவது. ஆனால் 1971இல் வந்த ஃபேர்லேடி 240இசட்ஜி போல அகன்ற மேல்மட்காப்பு உள்ள உடலுக்கே அது உரியது. குறுகிய உடலில் அது சக்கர பேரிங்குகளின் மேல் சுமையை வெளியே இழுத்து, ஸ்டியரிங்கில் ஒவ்வொரு குழியையும் உணரவைக்கும்.

டயரின் வெளிவிட்டம் வேகமானியையும் கியர் விகிதத்தையும் தோற்றத்தையும் ஒருசேரத் தீர்மானிக்கிறது. 205/60 அளவில் 15 அங்குல டயரின் விட்டம் 627 மி.மீ.; பழைய டயருக்கு இது நெருக்கமானது. 225/50 என்றால் 606. 205/50 என்றால் 586 மட்டுமே. கடைசியாகச் சொன்னதைப் பொருத்தினால், 627 மி.மீ. டயரைவிட எஞ்சின் ஏறத்தாழ ஏழு விழுக்காடு வேகமாகச் சுழல வேண்டும். காரும் மேலும் 2 செ.மீ. தரைக்கு நெருங்கும். 16 அங்குலத்தில் 205/55 வைத்தால் விட்டம் 632க்குத் திரும்புகிறது. 17 அங்குலமும் பொருந்தும்தான், ஆனால் 1970களின் உடற்கோடுகளுக்கு அது ஒவ்வாது என்பது இக்கட்டுரையின் துணிபு.

யோகோஹாமாவின் ஆர்எஸ் வாட்டனாபே தயாரிக்கும் எட்டுக்கம்பிச் சக்கரம் இக்காரோடு பிரிக்கமுடியாமல் இணைந்துவிட்ட வடிவம். அதைப் பார்த்துச் செய்யப்பட்டவை மலிவாகக் கிடைக்கின்றன. எதை வாங்கினாலும், ஜப்பானின் அலாய் சக்கரத் தரத்தைக் குறிக்கும் ஜேடபிள்யூஎல் முத்திரையையும், தனிச் சோதனை அமைப்பு பதிந்ததைக் காட்டும் விஐஏ முத்திரையையும் பார்த்து வாங்க வேண்டும். பழைய மெக்னீசியச் சக்கரங்கள் அரிப்புக்கு எளிதில் இரையாவன. விரிசல் சோதனை செய்யாமல் சாலையில் ஓட்டலாகாது. பெரிய பிரேக் காலிப்பர் பொருத்தும் எண்ணமிருந்தால், கம்பிகளின் பின்புறம் அதற்கு இடம் தருகிறதா என்பதும் கேட்டறியத்தக்கது. ஜப்பானில் பதிவுள்ள கார் எனில், கட்டாயப் பரிசோதனையில் சக்கரம் மட்காப்புக்கு வெளியே நீட்டக் கூடாது, தரையிடைவெளி 9 செ.மீ.க்குக் குறையக் கூடாது என்ற விதிகளும் தேர்வை எல்லைப்படுத்தும்.

விலைகொடுப்பதற்கு முன் ஒரு சக்கரத்தையும் அதற்குரிய டயரையும் இரவலாகவேனும் பெற்றுப் பொருத்திப் பார்ப்பது, எல்லாக் கணக்கையும்விட நம்பத்தக்கது. காரை உறுதியான தாங்கிகளில் நிறுத்தி, ஸ்பிரிங்கை நீக்கிய ஸ்டிரட்டை ஜாக்கியால் அடிமுட்டும் வரை உயர்த்தி, முன்சக்கரத்தை இருபுறமும் முழுதாகத் திருப்பிப் பார்த்தால், வளைவின் முன்மூலையிலும் ஸ்டிரட் குழாயிலும் எங்கே உரசும் என்பது தெரிந்துவிடும். குழாய்க்கும் டயருக்கும் இடையே ஐந்தாறு மி.மீ. எஞ்சினால் போதும். ஆலை இக்காருக்குக் கேம்பர், அதாவது சக்கரத்தின் உள்வெளிச் சாய்வு, மாற்றும் வசதியைத் தரவில்லை. தாழ்த்தியபின் அச்சாய்வு இடமும் வலமும் வேறுபட்டால் மேல்முனையில் நகர்த்தத்தக்க தட்டையோ நீளம் மாற்றத்தக்க குறுக்குக்கையையோ பொருத்த வேண்டியிருக்கும். அந்த வேலையும் முடிந்து சாய்வு நிலைத்த பிறகே வளைவின் இடைவெளியை மறுபடி அளந்து, சக்கரத்துக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும்.