விரல் பழக, இசை பழகும்

நுழையும்முன்

இசைக்கருவி கற்கத் தொடங்குவோர் பலர், தொடர்வோர் சிலரே. விரல்நுனி வலிக்கும் முதல் வாரங்களிலேயே பலரும் கருவியை மூலையில் சாய்த்துவிடுகின்றனர். கற்பதைக் கைவிடாமல் காக்கும் பயிற்சி நெறியை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இராமேசுவரத்தை அடுத்த பேய்க்கரும்பில் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் நினைவிடம் அமைந்துள்ளது. 2017ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள் திறக்கப்பட்ட அவ்விடத்தில், அவர் வீணை மீட்டும் கோலத்தில் சிலை ஒன்று உள்ளது. ஏவுகணை அறிவியலிலும் பின்னர்க் குடியரசுத் தலைவர் பொறுப்பிலும் அயராது உழைத்த அவர், வீணை மீட்டுவதிலும் ஈடுபாடு கொண்டிருந்தார். இசை முழுநேரக் கலைஞர்க்கு மட்டும் உரியதன்று. படிப்புக்கும் பணிக்கும் இடையே நாளும் சிறிது நேரம் ஒதுக்குவோர்க்கும் அது வசப்படும் என்பதை அச்சிலை உணர்த்துகிறது.

யாழ், வீணை, கித்தார்

கடற்கரையும் நரம்பிசையும் தமிழர் வாழ்வில் நெடுங்காலமாக இணைந்தவை. சிலப்பதிகாரக் கானல்வரியில் புகார்க் கடற்கரையில் அமர்ந்து கோவலனும் மாதவியும் யாழிசைத்துப் பாடுகின்றனர். யாழில் ஒரு நரம்புக்கு ஒரு சுரமே உரியது. வீணையிலும் கித்தாரிலும் ஒரே தந்தியை வெவ்வேறு மெட்டுகளில் அழுத்திப் பல சுரங்களைப் பெறலாம். வீணையில் 24 மெட்டுகளும் 7 தந்திகளும் உள்ளன. அவற்றுள் 4 தந்திகள் வாசிப்பதற்கும் 3 தந்திகள் சுருதிக்கும் தாளத்திற்கும் உரியவை. கித்தாரில் பொதுவாக 6 தந்திகள் உண்டு. இரு கருவிகளிலும் ஒரு தாயிக்கு 12 மெட்டுகள் அமைந்திருப்பதால், தொடக்கநிலைப் பயிற்சியும் பெரிதும் ஒத்திருக்கிறது.

பயிற்சி நெறி

முதலாவது சுருதி. சுருதி பிசகிய கருவியில் பயின்றால் செவியும் பிசகும். ஆகவே, ஒவ்வொரு நாளும் சுருதி சேர்த்த பின்னரே வாசிக்க வேண்டும்.

இரண்டாவது அழுத்தம். இடக்கை விரலை மெட்டுக்குச் சற்றுப் பின்னே ஊன்றினால், குறைந்த அழுத்தத்திலேயே தெளிந்த ஒலி பிறக்கும். விலகி ஊன்றினால் தந்தி இரையும், வலியும் மிகும். ஞாயிறன்று இரண்டு மணிநேரம் பயில்வதைவிட, நாள்தோறும் இருபது நிமிடம் பயில்வதே சிறந்தது. விரல்நுனித் தோல் சிறிது சிறிதாகவே உரம் பெறும்.

மூன்றாவது நிதானம். சரளி வரிசையை முதற்காலத்தில் பிழையின்றி வாசித்த பின்னரே இரண்டாம் காலத்திற்குச் செல்லுதல் வேண்டும். பிழை நேரும் இடத்தை மட்டும் பிரித்தெடுத்து மெதுவாகப் பலமுறை வாசித்தல் நன்று. கித்தார் பயில்வோர் இரண்டு சுரக்கூட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, தாளம் நில்லாமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறப் பழகலாம். வாசிக்கும் முன் வாயால் பாடிப் பார்த்தால், விரல் செல்ல வேண்டிய இடத்தைச் செவி முன்னரே அறிந்திருக்கும்.

கருவியைப் பேணுதல்

இராமநாதபுரம் போன்ற கடலோரப் பகுதிகளில் காற்றிலுள்ள உப்பும் ஈரமும் எஃகுத் தந்திகளை விரைவில் துருப்பிடிக்கச் செய்யும். விரல் வியர்வையும் அதற்குத் துணைபோகும். பயிற்சி முடிந்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் தந்திகளைத் துடைத்துக் கருவியை உறையிலிட வேண்டும். வீணையின் மெட்டுகள் மெழுகில் பதிக்கப்பட்டவை. வெயில் பட்டால் மெழுகு இளகி மெட்டுகள் இடம்பெயரும்.

தேர்வுக் காலத்தில் பலரும் கருவியை அறவே கைவிடுகின்றனர். மீண்டும் எடுக்கும்போது விரலின் பழக்கம் குன்றியிருப்பது கண்டு ஊக்கம் இழக்கின்றனர். அந்நாள்களில் பத்து நிமிடமேனும் வாசித்தால் பழக்கம் அறுபடாது. படித்துக் களைத்த மனமும் தெளிவுபெறும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் இசைக்கருவி பயின்ற ஒருவரிடம் அவருடைய தொடக்கக் காலப் பயிற்சி குறித்துக் கேட்டறிந்து எழுதுக.

2. யாழ், வீணை, கித்தார் ஆகியவற்றின் ஒற்றுமை வேற்றுமைகளை அட்டவணைப்படுத்துக.